கெட்டியான எண்ணெய் நல்ல எண்ணெயா?

(டிராக்டர் பராமரிப்புப் பயிற்சிக்கு வந்திருந்த உழவர்களிடையே பண்ணை இயந்திரவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



காலையில் பெயர் பதிவு செய்தபோது, "உங்கள் டிராக்டர் எஞ்சினுக்கு என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தோம். பெரும்பாலோர் கம்பெனியின் பெயரைச் சொன்னீர்கள். சிலர், "மெக்கானிக் எதை ஊற்றுகிறாரோ அதுதான்" என்றீர்கள். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொன்னவர் ஒரே ஒருவர். விதை வாங்கும்போது கடையின் பெயரோடு நின்றுவிடுகிறோமா? ரகத்தைக் கேட்டுத்தானே வாங்குகிறோம். எண்ணெய்க்கும் ரகம் உண்டு.

வெல்லப் பாகு அடுப்பின் மேல் இருக்கும்போது தண்ணீராக ஓடுகிறது. இறக்கி ஆற வைத்தால் கரண்டியை விட்டு இறங்க மறுக்கிறது. எஞ்சின் எண்ணெயும் இப்படித்தான். இந்தக் குணத்தைப் பாகுத்தன்மை என்கிறோம். உங்களில் பலர் எண்ணெயை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, கெட்டியாக இருந்தால் நல்லது என்று முடிவு கட்டுகிறீர்கள். விரலில் தேய்க்கும் எண்ணெயின் சூடு 30 டிகிரி செல்சியஸ். எஞ்சினுக்குள் அது வேலை செய்வதோ 100 டிகிரியை ஒட்டிய சூட்டில். நாம் சாதாரணமாக ஊற்றும் 15டபிள்யூ-40 எண்ணெயின் பாகுத்தன்மை 40 டிகிரியில் ஏறத்தாழ 110 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் ஏறத்தாழ 14 தான். எட்டில் ஒரு பங்காகி விடுகிறது! ஆகவே விரல் சொல்லுவது காலையில் எஞ்சின் புறப்படும் நேரத்து நிலையை. உச்சி வெயிலில் சேற்றுழவு செய்யும்போது எண்ணெய் எப்படி இருக்கும் என்பதை விரல் சொல்லாது.

அதைச் சொல்லுவது டப்பாவின் மேலுள்ள எண். 20டபிள்யூ-40 என்றால், முதலில் உள்ள 20 குளிர்ந்த நிலையைக் குறிக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. இந்த எண் சிறிதாக இருந்தால் கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதில் ஓடும். பின்னால் உள்ள 40 சூடேறிய நிலைக்கு உரியது. 40 சென்டிஸ்டோக் என்று அதற்குப் பொருளல்ல. 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்கும் எண்ணெய் என்பதே பொருள். 30 என்றால் 9.3 முதல் 12.5க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள்.

20டபிள்யூ எண்ணெயில் எஞ்சின் சுழலுமா என்று பார்க்கும் சோதனையை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியில் செய்கிறார்கள். உதகமண்டலத்துத் தை மாதப் பனியில்கூட அவ்வளவு குளிர் கிடையாது. எனவே முதல் எண் 15ஆ, 20ஆ என்று நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கையேடு இரண்டையும் அனுமதித்தால் கிடைப்பதை வாங்கலாம். பின் எண்ணை மட்டும் நம் இஷ்டப்படி மாற்றக் கூடாது. எஸ்.ஏ.இ. 30, எஸ்.ஏ.இ. 40 என்று ஒற்றை எண்ணோடு வரும் எண்ணெய், அதையே கேட்கும் பழைய டீசல் பம்பு செட்டுகளுக்கு இன்றும் போதுமானது.

"கோடையில் கொஞ்சம் கெட்டியாக ஊற்றினால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறேன்.

என் அண்ணனின் டிராக்டருக்குக் கையேட்டில் உள்ளது 15டபிள்யூ-40. ஒரு நடவுப் பருவத்தில், எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கத் தொடங்கிற்று. பட்டறைக்காரர், "எண்ணெய் நீர்த்துப் போகிறது, 50 ஊற்றுங்கள்" என்றார். அண்ணன் என்னைக் கேட்டார். இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் நானும், வெயில் காலந்தானே என்று, "ஊற்றுங்கள்" என்றேன். விளக்கு அணைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மூன்று வாரத்தில் மறுபடியும் மினுக்கியது. இந்தத் தடவை எஞ்சினின் அடியிலிருந்து தட்டும் ஓசையும் சேர்ந்து வந்தது. பிரித்துப் பார்த்தால், பேரிங்குகளின் மேற்பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது. கிராங்க் ஷாப்டைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பினோம். மீதி நிலத்துக்கு வாடகை டிராக்டர் பிடித்து உழுதார் அண்ணன்.

உண்மைக் காரணம் வேறு. இன்ஜெக்டர் ஒன்று டீசலைப் புகைபோலத் தூவாமல் சொட்ட விட்டுக்கொண்டிருந்தது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எண்ணெயில் கலந்தது. எந்த ரகம் ஊற்றினாலும் சில நாளில் அது நீர்த்துவிடும். கெட்டி எண்ணெய் செய்ததெல்லாம், மூன்று வாரம் விளக்கை அணைத்து வைத்ததுதான். அளவுக் குச்சியில் எண்ணெய் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றிருக்கிறது. "என் வண்டி எண்ணெயே குடிப்பதில்லை" என்று அண்ணன் பெருமையாகச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிரஷர் காட்டும் முள் உயர்ந்தால் எண்ணெய் அதிகம் போகிறது என்று பொருளல்ல. பாதையில் எண்ணெய் ஓடச் சிரமப்பட்டாலும் முள் உயரும். கெட்டி எண்ணெய் காலையில் வால்வுகளுக்கும் டர்போவுக்கும் போய்ச் சேரத் தாமதமாகும். தேய்மானம் அந்த நேரத்தில்தான் கூடும். பில்டர் வழியே புக முடியாதபோது பக்க வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெய் நேரே பேரிங்குக்குப் போகும். அதைத் தள்ளுவதற்கே கொஞ்சம் டீசலும் வீணாகும்.

மறுபுறம், 40 கேட்கும் எஞ்சினுக்கு 30 ஊற்றினால், ரோட்டவேட்டர் பூட்டி வெயிலில் ஓட்டும்போது பேரிங்குக்கும் ஷாப்டுக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகமும் உலோகமும் உரசும்.

எண்ணோடு எழுத்தையும் பாருங்கள். ஏ.பி.ஐ. என்பதை அடுத்து 'சி' என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. 'எஸ்' என்றால் பெட்ரோல் எஞ்சினுக்கு. சி.எஃப்-4, சி.எச்-4, சி.ஐ-4 என்று வரிசையாகத் தரம் உயர்ந்து வந்திருக்கிறது. சி.எச்-4 கேட்கும் எஞ்சினுக்குச் சி.எஃப்-4 போதாது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 சனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாடு வந்துள்ளது. அவற்றில் புகைக்கரி வடிகட்டி பொருத்தியிருந்தால், கையேட்டில் கண்ட எண்ணெயைத் தவிர வேறெதுவும் ஊற்ற வேண்டாம். சாம்பல் சேர்ந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மிஞ்சிய டிராக்டர் எண்ணெயை மோட்டார் சைக்கிளில் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் பெரும்பாலும் கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி ஓடுகிறது; எண்ணெய் ஒவ்வாவிட்டால் வழுக்கும்.

இப்போது வெளியே நிற்கும் டிராக்டருக்குப் போவோம். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் ஆகிறது. ஒவ்வொருவராக அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம், டீசல் எஞ்சினில் கரியை வாங்கிக்கொண்டால் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். மட்டம் ஏறியிருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா, பால் கலந்த காப்பி நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். காப்பி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. மூன்றில் எதைக் கண்டாலும் என்னிடம் சொல்லுங்கள். அந்த வண்டியை இன்று ஓட்ட வேண்டாம்.