பறைக்கு எண்ணெய், தவிலுக்கு அரக்கு

(மடவார் வளாகத்தில் நடந்த குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



திருவண்ணாமலை ஆனாலும் திருவில்லிபுத்தூர் ஆனாலும் மேளம் இல்லாம ஒரு நல்லது கெட்டது கிடையாது. பறை, தவில், உறுமி, பம்பைன்னு எத்தனையோ இருக்கு. ஆனா அந்தக் கட்டையை வழுவழுன்னு தேய்ச்சு, எண்ணெயோ பாலிஷோ போட்டுக் கொடுக்குற வேலையைப் பத்தி யாரும் பெரிசா பேசுறதில்லை. பெரிய இயந்திரம் தேவையில்லாத, வீட்டுத் திண்ணையிலேயே செய்யக்கூடிய வேலை இது. அதனால நம்ம குழுக்களுக்குப் பொருத்தமானது.

"பறையையா தொடப்போறீங்க?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவங்களுக்கு ஒரு பதில்: மதுரைப் பக்கத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறையைத் தோளில் மாட்டி மேடையில் அடிக்கிறார்கள். வாசிக்கப் பெண் வரலாம் என்றால், செய்யவும் வரலாம்.

முதலில் மரம். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பலாக்கட்டையைக் குடைந்து எடுக்கிறார்கள். பறைக்கு வேப்பமரத் துண்டுகளை வட்டமாகச் சேர்த்துத் தகடு அடிக்கிறார்கள். பிறகு புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுகிறார்கள். எந்த மரமானாலும் ஈரம் போகாமல் பூச்சு போடக் கூடாது. காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வைங்க. இரண்டு, மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஈரக்கட்டைக்கு மேலே பாலிஷ் போட்டால், பின்னாடி மரம் சுருங்கி விரிசல் விடும், பூச்சும் உரியும்.

அடுத்து உப்புத்தாள். 120-ஆம் நம்பரில் ஆரம்பித்து, 180, பிறகு 220. நம்பரைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. மர ரேகை போகிற போக்கிலேயே தேய்க்கணும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். மூக்கு, வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது.

இப்போ முக்கியமான கேள்வி. எதைப் பூசுவது?

"வீட்ல இருக்குற தேங்கா எண்ணெய், நல்லெண்ணெய் போதாதா?" என்று கேட்கிறோம். போதாது. தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் காயாது. நல்லெண்ணெய் பிசுபிசுன்னு நின்று தூசியை இழுக்கும், நாளானால் காறல் வாடை அடிக்கும். மரத்துக்குள் இறங்கிக் கெட்டியாகக் காய்வது ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்கணும். பச்சை எண்ணெய் காய நாள் கணக்கில் இழுக்கும். டபுள் பாயில்டு என்று விற்பது ஏறக்குறைய ஒரு நாளில் காயும். அதில் மருந்து கலந்திருக்கும், சமையலுக்கு ஆகாது. சமையல் எண்ணெய் இருக்கும் அலமாரியில் வைக்கவே கூடாது.

இரண்டாவது, அரக்கு பாலிஷ். மரத்தில் வாழும் அரக்குப்பூச்சி தரும் பிசின் இது. செதிலாக விற்பதை 100 கிராம் எடுத்து, அரை லிட்டர் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டணும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டிலில் வைங்க. இரும்பு டப்பாவில் வைத்தால் கறுத்துப்போகும். பழசாகிவிட்டால் சரியாகக் காயாது. அதனால் தேவைக்கு மட்டும் கலக்கணும்.

இதில் பறைக்கு எது, தவிலுக்கு எது? பறையை அடிக்கிறதுக்கு முன்னாடி தீயில் காட்டுவார்கள், தெரியும்தானே? அரக்கு 75, 80 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும். கையில் ஒட்டும், சுவடு விழும். வியர்வை பட்டு வெள்ளையும் படியும். ஆகவே பறைக்கு ஆளிவிதை எண்ணெய்தான் நல்லது. தவில், மிருதங்கக் கட்டையை அப்படித் தீயில் வாட்டுவதில்லை. அவற்றுக்கு அரக்கு பாலிஷ் பளபளப்பும் தரும், சீக்கிரமும் காயும்.

பறைக்குப் போடும் முறை: முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. தடவி இருபது நிமிடம் கழித்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடணும். மறுநாள் இரண்டாவது, அதற்கு மறுநாள் மூன்றாவது பூச்சு, எண்ணெய் மட்டும். உள்பக்கமும் ஒரு பூச்சு கொடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கமாக ஈரம் ஏறும். ஆனால் தோல் ஒட்டுகிற விளிம்பில் சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. புளியங்கொட்டைப் பசை தண்ணீர்ப் பசை, எண்ணெய்மேல் பிடிக்காது. இரண்டு விரற்கடை அகலத்துக்குத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு வேலை செய்யுங்க. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே தோல் கட்டணும்.

தவிலுக்குப் போடும் முறை: சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியின் வெட்டுத்துண்டை உருண்டையாக்கி, மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றினால் நல்ல பாலிஷ் துணி ஆச்சு. மெல்லிசாகத் தடவி, ஒரு மணி நேரம் விட்டு அடுத்தது. ஐந்தாறு பூச்சு போதும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் போட்டால் காற்றிலுள்ள ஈரம் படிந்து பால்போல் வெளுக்கும். வெயில் ஏறின பிறகு, நிழலில் வைத்துப் போடுங்கள். பலாமரம் முதலில் மஞ்சளாக இருந்து, நாளாக நாளாகப் பழுப்பாகும். இதை வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னாடி பேச்சு வராது.

இனி சொல்வதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், யாரும் பற்றவைக்காமலே தானாகத் தீப்பிடிக்கும். எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். ஓலைக் குடிசையும் வைக்கோல் படப்பும் பக்கத்தில் உள்ள நமக்கு இது விளையாட்டில்லை. வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் முக்கி வைங்க, இல்லை ஒவ்வொன்றாக விரித்து வெட்டவெளியில் காயப்போடுங்க.

ஸ்பிரிட்டும் அப்படித்தான். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதில் விஷம் கலந்திருக்கும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் செத்தது நமக்குத் தெரியும். எத்தனை பெண்கள் தாலியை இழந்தார்கள். ஸ்பிரிட் பாட்டிலைப் பூட்டி, சாவியைக் குழுத் தலைவி கையில் வைக்கணும். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு செலவு என்று நோட்டில் எழுதணும்.

கடைசியாகக் கணக்கு. ஒரு பறைக் கட்டைக்கு ஐந்து நாள் ஆனாலும் கைவேலை ஒன்றரை மணி நேரம்தான், மிச்சமெல்லாம் காயுற நேரம். அதனால் பத்துக் கட்டையாகச் சேர்த்து எடுங்கள். பதினைந்து மணி நேரம், அதாவது ஏறக்குறைய இரண்டு நாள் வேலை. நாள் கூலி 400 என்று வைத்தால் 800 ரூபாய், கட்டைக்கு 80 ரூபாய். அதற்குமேல் எண்ணெய், உப்புத்தாள், துணிச் செலவு. இதைக் கூட்டிப் பார்க்காமல் "கொடுக்குறதைக் கொடுங்க" என்று சொல்லக் கூடாது. நம்ம கூலியை நாமே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் இரண்டு பலகைத் துண்டு கொண்டு வாங்க. ஒன்றில் எண்ணெய், ஒன்றில் அரக்கு. தடவிப் பார்த்து, தண்ணீர் தெளித்துப் பார்த்து, எது எப்படி நிற்குதுன்னு நாமே பேசி முடிவு செய்வோம்.