தொட்டால் தெரியுமா?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பேசும் விஷயத்தை நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் சந்தில் குடியிருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இந்த உரை. பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் இங்கே வந்து, ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டியவர். தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்ட நேரத்தில் பிரஸ் இறங்கிவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பித் தடுப்பு அந்த இயந்திரத்துக்கு இல்லாமல் இல்லை. வேலை மெதுவாக நடக்கிறது என்று அதைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள்.

ஓராண்டு அலைந்து திரிந்து அவருக்கு ஒரு செயற்கைக் கை வாங்கிக் கொடுத்தோம். தோல் நிறம், விரலில் நகம்கூட உண்டு. போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கை டிரங்குப் பெட்டியின்மேல் கிடந்தது. "ஏன் தம்பி, மாட்டலியா?" என்றேன்.

"அண்ணாச்சி, இது வெறும் கட்டை. புள்ள தலையைத் தடவுனா எனக்குத் தெரியவா போவுது?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "வெளிநாட்டுல தொட்டா தெரியுற கை செய்யுறாங்களாமே, நெசமா, இல்ல செல்போன்ல வர்ற புளுகா?" என்று கேட்டார்.

நான் டாக்டர் அல்ல. ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. பத்தாம் வகுப்போடு நின்றவன். நம் சங்கத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மருத்துவம் படிக்கிறாள். அவளை உட்கார வைத்து, ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. புளுகு அல்ல தோழர்களே, நிஜந்தான்.

மனிதனின் ஒரு கையில் தொடுவதை உணரும் முனைகள் சுமார் 17,000 இருக்கின்றன. சட்டைப்பையில் கையை விட்டு, பார்க்காமலே ஐந்து ரூபாய் நாணயத்தைத் தனியாக எடுக்கிறோமே, எப்படி? தாய்மார்கள் மாவின் பதத்தை எதைக் கொண்டு பார்க்கிறார்கள்? கண்ணாலா? விலை உயர்ந்த மோட்டார் கையை மாட்டியவர் கையை மூடலாம், திறக்கலாம். மிச்சமிருக்கும் தசை அசையும்போது உண்டாகும் சிறு மின்சாரத்தைப் பிடித்து அது வேலை செய்கிறது. ஆனால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. கண்ணை எடுக்காமல் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் காகிதக் கோப்பை நசுங்கும், இல்லாவிட்டால் நழுவும். நம் தம்பி "கட்டை" என்றாரே, அந்த ஒரு சொல்லில் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது.

கை போனாலும், கைக்கு வந்த நரம்பு போவதில்லை. வெட்டுப்பட்ட இடம் வரைக்கும் உயிரோடு இருக்கிறது. மூளையிலும் அந்தக் கைக்கென்று ஒதுக்கிய இடம் காலியாகிவிடுவதில்லை. அதனால்தான் இல்லாத விரல் அரிக்கிறது, இல்லாத உள்ளங்கை எரிகிறது. ராத்திரி அலறி எழுந்தால் வீட்டில் உள்ளவர்கள் மனக்கோளாறு என்கிறார்கள், பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அம்மா, அது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன நம் தமிழர் வி.எஸ்.ராமச்சந்திரன் 1990-களில் கை இழந்தவர்களின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். கன்னத்தில் தொட்டால் போன கையின் கட்டைவிரலில் தொட்டதாகச் சொன்னார்கள்! மூளையில் முகத்தின் இடமும் கையின் இடமும் பக்கத்துப் பக்கத்து வீடு. காலியான வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் நுழைந்துவிட்டார்கள் என்று அவர் விளக்கினார்.

அந்த நரம்பைத்தான் இப்போது பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டஸ்டின் டைலர் என்பவரின் குழு 2012-இல் ஒரு தொழிலாளியின் முன்கை நரம்புகளைச் சுற்றி மின்முனைகளைப் பொருத்தியது. இவரும் நம் தம்பி மாதிரியே தொழிற்சாலை விபத்தில் வலது கையை இழந்தவர். செயற்கை விரலில் உள்ள உணர்கருவி அழுத்தத்தை அளக்கும். அந்த அளவுக்கு ஏற்ப நரம்புக்குச் சிறு மின்துடிப்பு போகும். மூளை அதை "என் விரல்" என்று எடுத்துக்கொள்ளும். முதலில் மின்சாரம் பட்டதுபோல் மதமதவென்றுதான் இருந்ததாம். துடிப்பின் பலத்தை ஒரே சீராக விடாமல் ஏற்றி இறக்கிக் கொடுத்தபோது, தொடுவது தொடுவதாகவே தெரிந்தது. இல்லாத கையில் சுமார் 20 இடங்களைப் பிரித்துச் சொன்னார். கண்ணைக் கட்டிவிட்டு, செர்ரிப் பழத்தைக் கையில் பிடித்துக் காம்பைக் கிள்ளச் சொன்னார்கள். உணர்வை நிறுத்தி வைத்தபோது பழம் நசுங்கிச் சாறாயிற்று. உணர்வைத் திறந்துவிட்டபோது பழம் முழுதாக நின்றது. இதை 2014-இல் வெளியிட்டார்கள்.

எனக்குப் பெரிதாகப் பட்டது செர்ரிப் பழம் அல்ல. இல்லாத கை முறுக்கிய முஷ்டியாக வலித்துக்கொண்டே இருந்ததாம் அந்தத் தொழிலாளிக்கு. தொடு உணர்வு வர வர, அந்த வலி அநேகமாக நின்றுபோயிற்று.

அதே 2014-இல் இத்தாலியிலிருந்தும் செய்தி வந்தது. பட்டாசு விபத்தில் கை இழந்த டென்மார்க்காரர் ஒருவருக்கு சில்வெஸ்ட்ரோ மிச்சேராவின் குழு ரோமில் இதைச் செய்தது. கண்ணைக் கட்டிய நிலையில் மெத்தென்றதையும் கெட்டியானதையும் பிரித்துச் சொன்னார். ஆனால் சோதனை விதிப்படி ஒரு மாதத்தில் முனைகளைப் பிடுங்கிவிட்டார்கள். கொடுத்துவிட்டுப் பறிப்பது! அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

வீட்டுக்கே எடுத்துப் போகும் கை ஸ்வீடனில் வந்தது. 2013-இல் ஒரு லாரி ஓட்டுநருக்கு மாக்ஸ் ஓர்ட்டிஸ் காட்டலானின் குழு எலும்புக்குள் டைட்டானியம் திருகைப் பதித்து, அதன் வழியாகவே நரம்புக்குக் கம்பி கொடுத்தது. அவர் லாரியில் சரக்கை இறுக்குகிறார், முட்டையை எடுத்து வைக்கிறார், பிள்ளைகளின் காலணிக்குக் கயிறு கட்டுகிறார் என்று எழுதியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கையோடு மூன்று ஸ்வீடன்காரர்கள் 3 முதல் 7 ஆண்டுகள் அன்றாட வாழ்க்கை நடத்தியதை 2020-இல் அறிவித்தார்கள். காலுக்கும் உண்டு. சூரிச்சைச் சேர்ந்த ராஸ்போபோவிச்சின் குழு 2019-இல் பாதத்துக்கு அடியில் உணர்கருவி வைத்துத் தொடை நரம்போடு இணைத்தது; மணலில் முன்னைவிட வேகமாக, களைப்புக் குறைவாக நடந்தார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவன் நான். கால் போனவர்களைக் கண்ணால் பார்க்கிறவன். இதைக் கேட்டுவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, நம் தம்பிக்கு இது கிடைக்குமா? இன்றைக்குக் கிடைக்காது. இவை பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்துக் கைகள், ஒன்றிரண்டு பேருக்குப் பொருத்தியவை. "உணர்வுள்ள கை வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று எவனாவது வந்தால் தயவுசெய்து கட்டிவிடாதீர்கள்.

ஏழை நாட்டால் ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் அதிகம் பள்ளிக்கூடம் பார்க்காத கைவினைஞர் ராமச்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே.சேத்தியும் சேர்ந்து 1960-களின் பிற்பகுதியில் ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். வெளிநாட்டுக் காலுக்குப் பூட்ஸ் வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு குந்தி உட்கார முடியாது, சேற்றில் இறங்க முடியாது. நம்மவர் எப்படி உட்காருகிறார், எப்படி வயலில் நடக்கிறார் என்று பார்த்துச் செய்த கால் ஜெய்ப்பூர்க் கால். இந்த மும்பையின் பெண் சுதா சந்திரன், 1981-இல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்துக்குப் பின் காலை இழந்து, அந்தக் காலைக் கட்டிக்கொண்டு மேடையில் ஆடினார். கால் அப்படி வந்தது. பிரஸ் ஓட்டுகிறவனின் கை ஏன் வரவில்லை?

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை போட்டார்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. மணிக்கட்டோடு ஒரு கை போனால் 60. வெட்டுக்கிடாய்க்குக் கறி விலை சொல்வதுபோல் இருக்கிறது, இல்லையா? ஆனாலும் அந்த அட்டவணையையாவது நாம் கேட்டு வாங்கினோமா? நம் தம்பியின் பெயர் பட்டறை மஸ்டர் ரோலிலேயே இல்லை. பத்துப் பேருக்குக் குறைவாகக் கணக்குக் காட்டியதால் இ.எஸ்.ஐ. கிடையாது. இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் உதவித்தொகையும் செயற்கைக் கையும் அந்தத் திட்டத்திலேயே கேட்டு வாங்கியிருக்கலாம். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து, வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டார். இடது கைநாட்டு!

ஆகவே இந்தக் கிளையில் இரண்டு வேலை வைத்திருக்கிறோம். தடுப்பு இல்லாத பிரஸ் எந்தச் சந்தில் எத்தனை ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு கொடுப்பது ஒன்று. விரலோ கையோ இழந்தவர்களின் பட்டியல் எடுப்பது மற்றொன்று. ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளச் சீட்டு, பட்டறையில் எடுத்த போட்டோ, கூட வேலை பார்த்தவரின் சாட்சி, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். வருகிற ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க நூலகத்தில் இருப்பேன்.

கடைசியாக, வலி உள்ளவர்களுக்கு. அதே ராமச்சந்திரன் கண்டுபிடித்த எளிய முறை ஒன்று இருக்கிறது. நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை முன்னால் வைத்து அசைத்தால், கண்ணாடிக்குள் போன கை அசைவதாகத் தெரியும். முறுக்கிய கை விரிந்ததுபோல் சிலருக்கு வலி தணிகிறது. எல்லாருக்கும் தணிவதில்லை; டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். நம் தச்சர் மாமா பலகையில் ஒரு பெட்டி அடித்துக் கொடுத்திருக்கிறார். டாக்டரிடம் கேட்டாயிற்று. தம்பி போன வாரத்திலிருந்து செய்து பார்க்கிறார். இன்னும் பெட்டி வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் மாமாவிடம் பெயர் கொடுங்கள்.