துப்பாக்கி தொடாத சிப்பாய்

   

'சீருடைப் பணியில் வெளிப்படையான இறைநம்பிக்கை பலமா, இடைஞ்சலா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால பேசின நண்பர் ஒரு போடு போட்டாரு. "சீருடையை மாட்டும்போது சாமியைக் கழற்றி ஆணியில மாட்டிட்டு வரணும்"னாரு. ஐயா, சட்டையைக் கழற்றி மாட்டலாம். முதுகெலும்பைக் கழற்றி மாட்ட முடியுமா? (கைதட்டல்)

ஆனாலும் அவர் கேள்வியில ஒரு நியாயம் இருக்கு. படையில ஒருத்தன் உயிர், பக்கத்துல நிக்கிறவன் கையில இருக்கு. "என் மனசாட்சி இடம் கொடுக்கலை"ன்னு அவன் ஒதுங்கிட்டா, இவன் கதி என்ன? இதற்கு ஒரு மனிதரையே சாட்சியாக நிறுத்துகிறேன்.

அவர் பெயர் டெஸ்மண்ட் டாஸ். அமெரிக்காவின் வர்ஜீனியாக்காரர். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். இரண்டாம் உலகப் போர் வந்தது. "நாட்டுக்காகப் பட்டாளத்துக்கு வர்றேன். ஆனா துப்பாக்கி தொட மாட்டேன். காயம்பட்டவங்களைக் கவனிக்கிறேன்" என்றார். சும்மா விடுவாங்களா? அவரு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினா, அவர் மேல பூட்ஸ் பறந்து வரும். மனநிலை சரியில்லைன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பவும் பார்த்தாங்க. அவரு யாரையும் திட்டலை. ஜெபத்தையும் விடலை.

1945-ல் ஜப்பானின் ஒகினாவா தீவு. செங்குத்தான பாறை உச்சியில் சண்டை. படை பின்வாங்கி இறங்கிவிட்டது. காயம்பட்டவர்கள் மேலேயே கிடக்கிறார்கள். டாஸ் இறங்கலை! ஒவ்வொருத்தரா இழுத்துட்டு வந்து, கயிறு கட்டிக் கீழே இறக்கினாரு. ஒவ்வொரு தடவையும் அவரு கேட்ட வரம், "ஆண்டவரே, இன்னும் ஒருத்தர்!" எத்தனை பேர்? "நூறு இருக்கும்"னு மத்தவங்க சொன்னாங்க. "ஐம்பதுக்கு மேல இருக்காது"ன்னு இவர் சொன்னாரு. கடைசியில 75-ன்னு எழுதினாங்க. நடுவர் அவர்களே, செஞ்சதைக் குறைச்சுச் சொல்ற ஆளை நாம இந்த மேடையில பார்த்திருக்கோமா? (சிரிப்பு)

பிறகு அவருக்கே காலில் குண்டடி. தூக்கிக்கொண்டு போகும் வழியில், தன்னைவிட மோசமாகக் கிடந்த ஒருவரைப் பார்த்தார். தூக்குப் படுக்கையை விட்டு ஊர்ந்து இறங்கி, "முதல்ல அவரைத் தூக்குங்க" என்றார். 1945 அக்டோபரில் ஜனாதிபதி ட்ரூமன் கையால் நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் பெற்றார். இப்ப சொல்லுங்க, அந்த நம்பிக்கை பக்கத்துல நின்னவனுக்கு இடைஞ்சலா? (பலத்த கைதட்டல்)

"சரி, தன் மதத்துக்காரனைத்தானே காப்பாத்துவான்?" என்று இன்னொரு நண்பர் கேட்டார். 1943 பிப்ரவரி 3. கிரீன்லாந்து பக்கம் 'டார்செஸ்டர்' என்ற அமெரிக்கத் துருப்புக் கப்பல் நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கியது. அதில் நான்கு படை குருமார்கள். மூவர் கிறிஸ்தவர்கள், ஒருவர் யூதர். உயிர்காக்கும் மேலங்கி போதவில்லை. நால்வரும் தங்கள் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்றாகக் கைகோத்துக் கடலில் மூழ்கினார்கள். வாங்கினவன் எந்தச் சாமியைக் கும்பிடுறவன்னு யாரும் கேட்கலை.

நியூயார்க் தீயணைப்புத் துறையின் குரு மைக்கல் ஜட்ஜ், பிரான்சிஸ்கன் துறவி. 2001 செப்டம்பர் 11 அன்று எல்லாரும் வெளியே ஓடிய கட்டடத்துக்குள் தன் வீரர்களோடு போனார். திரும்பவில்லை. அன்றைய பலியானோர் பட்டியலில் முதல் எண் அவருடையது.

ஐயா, பக்தியை வெளியில காட்டுறது ரெண்டு வகை. அடுத்தவனை வருத்திக் காட்டுறது ஒண்ணு. அதைத்தான் எதிரணி சொல்லுது, அதை நானும் ஆதரிக்கலை. தன்னை வருத்தி அடுத்தவனைக் காப்பாத்திக் காட்டுறது இன்னொண்ணு. டாஸ் தன் நம்பிக்கைக்கு விலை கொடுத்தார். அந்த விலையைத் தானே கொடுத்தார். பலன் மட்டும் மற்றவருக்குப் போனது.

அப்படிப்பட்ட நம்பிக்கை பலமே, பலமே என்று நல்ல தீர்ப்புக் கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)