நம் நிகாஹும் நாட்டின் சட்டமும்
(ரிஷிவந்தியத்தில் ஆற்றப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

பள்ளிவாசலில் பேசத் தயங்கும் செய்தி ஒன்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன். நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் அது நாள்தோறும் பேசப்படுகிறது. நாம் மௌனமாக இருந்தால், அவர்கள் அதை வேறு யாரிடமாவது கற்றுக்கொள்வார்கள். ஆணை ஆணும், பெண்ணைப் பெண்ணும் மணப்பதற்குச் சட்டம் இடமளிக்க வேண்டுமா? அளித்தால் நம் மார்க்கச் சுதந்திரம் என்னவாகும்? இவையே அக்கேள்விகள்.

முதலில் நம் நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நிகாஹ் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே, சாட்சிகள் முன்னிலையில், மஹர் நிர்ணயித்துச் செய்யப்படும் ஒப்பந்தம். லூத் (அலை) அவர்களின் சமூகத்தாருடைய வரலாற்றை நாம் அறிவோம். இவ்விஷயத்தில் ஹலால், ஹராம் எல்லைகளை மாற்றும் அதிகாரம் எந்த மனிதருக்கும் இல்லை. அப்படியானால் நம் முன் உள்ள கேள்வி வேறு. நம் நம்பிக்கையை ஏற்காத குடிமக்களை நாட்டின் சட்டம் எப்படி நடத்த வேண்டும்? அதில் நம் பொறுப்பு என்ன?

சட்டம் கடந்து வந்த பாதை

ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இவ்வுறவைக் குற்றமாக்கியது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

அதன் பின்னர் திருமண உரிமை கேட்டு வழக்குகள் தொடரப்பட்டன. 2023 ஏப்ரல், மே மாதங்களில் பத்து நாள்கள் விசாரணை நடந்தது. ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்த் அமைப்பும் எதிர்ப்புத் தெரிவித்துத் தன்னை வழக்கில் இணைத்துக்கொண்டது. மதங்களின் தனியார் சட்டங்களுக்குள் செல்லப்போவதில்லை, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டுமே ஆராயப்போகிறோம் என்று நீதிமன்றம் தொடக்கத்திலேயே அறிவித்தது. அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் வழங்கும் அடிப்படை உரிமையல்ல என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பணி என்று விட்டுவிட்டனர். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

நம் நிகாஹில் கை வைக்கப் போகிறார்கள் என்று அஞ்சியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மதச் சடங்கு எதுவுமின்றி, அரசு அலுவலர் முன் செய்யப்படும் பதிவுத் திருமணமே அங்கு விவாதிக்கப்பட்டது. உடன் வாழ்பவர் மருத்துவமனையில் கிடக்கும்போது கையெழுத்திடும் உரிமை, ஓய்வூதியம், வாரிசுரிமை போன்றவற்றையே வழக்குத் தொடுத்தவர்கள் கேட்டார்கள். கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கவும், ஒரே குடும்ப அட்டையில் இடம்பெறவும் அத்தகையோருக்குத் தடையில்லை என்று மத்திய அரசே 2024இல் தெளிவுபடுத்தியது.

கூவாகத்தைப் பாருங்கள்

இந்த நாட்டில் நம்பிக்கைகள் எப்படி அருகருகே வாழ்கின்றன என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில் கூவாகம் இருக்கிறது. ஆண்டுதோறும் சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலுக்குத் திருநங்கையர் திரளாக வருகிறார்கள். அரவானைக் கணவனாக ஏற்றுத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். திருநங்கையரும் தன்பாலின ஈர்ப்புடையோரும் ஒரே பிரிவினர் அல்லர். எனினும் இவ்விழா நமக்கு ஒன்றைக் கற்றுத்தருகிறது. அந்தத் தாலி நம் மார்க்கத்தில் திருமணமாகாது. அதில் பங்கேற்குமாறு நம்மை எவரும் அழைத்து வற்புறுத்தியதில்லை. நாமும் அவர்களை வழிமறிப்பதில்லை. கடைக்கு வந்தால் பொருள் கொடுக்கிறோம், காசு வாங்குகிறோம். அவர்கள் சடங்கு அவர்களுக்கு, நம் மார்க்கம் நமக்கு.

இவ்வணுகுமுறை நம் மார்க்க நூல்களுக்கும் புதிதன்று. மஜூஸிகளிடையே நெருங்கிய இரத்த உறவினரை மணக்கும் வழக்கம் இருந்தது. அத்தகைய தம்பதியரைப் பிரிக்குமாறு உமர் (ரலி) அவர்கள் ஆணையிட்ட செய்தி ஹதீஸில் பதிவாகியுள்ளது. ஆயினும், அவர்கள் தம் வழக்கை முஸ்லிம் நீதிபதியிடம் கொண்டுவராத வரையில் தலையிட வேண்டாம் என்று பிற்கால ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் கருதினர். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இதை விரிவாக விவாதித்துள்ளார்கள். முஸ்லிம்கள் ஆண்ட காலத்திலேயே இப்படியொரு கருத்துக்கு இடமிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்று இடங்கள்

சகோதரர்களே! இரு உரிமைகளும் மோதக்கூடிய இடங்கள் மூன்று. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதலாவது, மிம்பரும் நிகாஹ் மேடையும். இங்கே நமக்கு முழுச் சுதந்திரம் வேண்டும். 2005இல் கனடாவும் 2013இல் இங்கிலாந்தும் ஓரினத் திருமணச் சட்டம் இயற்றியபோது, எந்த மதகுருவையும் அதை நடத்தக் கட்டாயப்படுத்தலாகாது என்று அச்சட்டங்களிலேயே எழுதிவைத்தன. நாளை நம் நாடாளுமன்றம் எதை இயற்றினாலும் இந்தப் பாதுகாப்பைக் கேட்பது நம் உரிமை. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு தரும் உரிமை அது.

இரண்டாவது, அரசு அலுவலகம். அமெரிக்காவின் கென்டக்கியில் 2015இல் கிம் டேவிஸ் என்ற பதிவு அதிகாரி, தம் மத நம்பிக்கையைக் காட்டித் திருமணச் சான்று தர மறுத்துச் சில நாள்கள் சிறை சென்றார். இதில் எவர் பக்கம் நிற்பது? நம் பிள்ளைகள் சார்பதிவாளராகவும் கிராம நிர்வாக அலுவலராகவும் வர வேண்டும் என்று துஆச் செய்கிறோம். அரசு நாற்காலி எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவானது. ஓர் அதிகாரி தம் நம்பிக்கையைக் காரணம் காட்டி ஒருவருக்குச் சான்று மறுக்கலாம் என்றால், இன்னோர் அதிகாரி நம் தொப்பியையும் தாடியையும் பார்த்து மறுப்பதை எந்த வாயால் தட்டிக்கேட்போம்?

மூன்றாவது, கடைவீதி. கொலராடோவில் ஓரினத் திருமணத்திற்கு கேக் செய்ய மறுத்த கடைக்காரருக்குச் சாதகமாக 2018இல் தீர்ப்பு வந்தது. அவருடைய மத நம்பிக்கையை மாநில ஆணையம் நடுநிலையோடு அணுகவில்லை என்பதே அதற்குக் காரணம். யாரையும் எதற்காகவும் மறுக்கலாம் என்ற பொது அனுமதி அதில் இல்லை. முஸ்லிம் என்று தெரிந்ததும் வீடு வாடகைக்கு இல்லை என்று சொல்லப்பட்ட வலியை நம்மில் பலர் நகரங்களில் அனுபவித்திருக்கிறோம். அந்த வலியைப் பிறருக்கு நாம் தரலாகாது.

நம் வீட்டுக்குள்

இனி, நீதிமன்றத்தைவிட நெருக்கமான இடத்திற்கு வருகிறேன். உங்கள் மகனோ மகளோ தன் மனநிலையை ஒருநாள் உங்களிடம் சொல்லக்கூடும். அப்போது என்ன செய்வீர்கள்? கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று அவசரமாகப் பெண் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுங்கள்! வரப்போகும் அந்தப் பெண்ணும் ஒரு தந்தையின் அமானிதம். உண்மையை மறைத்து அவள் வாழ்வைப் பணயம் வைக்க உங்களுக்கு என்ன உரிமை? கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் விருப்பமின்றி அவருடைய தந்தை செய்துவைத்த திருமணத்தை நபி (ஸல்) அவர்கள் ரத்துச் செய்தார்கள். சம்மதமில்லாத நிகாஹ் மருந்தாகாது, அது அநீதி.

அடிப்பதும் அடைத்து வைப்பதும் தீர்வாகா. இத்தகையோரின் இயல்பை மாற்றச் சிகிச்சை என்ற பெயரில் மேற்கொள்ளப்படும் முயற்சிகளை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. பெற்றோர் அடைத்து வைத்த ஒரு பெண்ணை 2025 மே மாதம் அதே நீதிமன்றம் விடுவித்தது. சட்டத்திற்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. செயலை ஹராம் என்று சொல்லும் மார்க்கம், பெற்ற பிள்ளையை வெறுக்கச் சொல்லவில்லை. பிறர் குறைகளைத் துருவித் தேடுவதையும் புறம் பேசுவதையும் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை எந்தத் தெருவில், யார் கையில் சேரும் என்று சிந்தியுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். ஹலால் எது, ஹராம் எது என்பதை அன்போடு சொல்லுங்கள். அவர்களுக்காக தஹஜ்ஜுதில் கையேந்துங்கள்.

நம் கொள்கையில் உறுதியும், பிறர் உரிமையில் நேர்மையும், நம் பிள்ளைகள் மீது இரக்கமும் உடையவர்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.