லாரியில் ஒடிந்த போல்ட்டுகளைக் கழற்றும் முறை
(ஐக்கிய சங்க அங்கத்தினருக்குச் செய்யப்பெற்ற பிரசங்கம்)



பழைய லாரியைப் பழுது பார்க்கப் புகுவோர் எஞ்சினுக்கு அஞ்சுகின்றனர், போல்ட்டுக்கு அஞ்சுவதில்லை. அநுபவத்திலோ, அற்ப விலையுள்ள ஒரு போல்ட் ஒடிந்து உள்ளே தங்கிவிடுவதனால், விலையுயர்ந்த சிலிண்டர் ஹெட்டே பாழாவதுண்டு. அறுவடைக் காலத்தில் சங்கத்து லாரி கொட்டகையில் நின்றால், நெல்லை ஏற்றக் கொடுக்கும் வாடகை அங்கத்தினர் தலையிலேயே விழும்.

இரும்பு துருவாக மாறுங்கால், முன்னிருந்ததற்கு இரண்டு மடங்கிற்கும் மேலாக இடங்கொள்ளும். அத்துரு புரிகளின் இடுக்கில் ஆப்புப் போல் இறுகி நிற்கும். அப்பொழுது நீண்ட குழாயை ஸ்பானரில் மாட்டி இழுப்பின், போல்ட் திரும்பாது. துருவால் மெலிந்த இடத்தில் முறியும்.

முதலில் புரி எப்பக்கம் செல்கின்றது என்று பார்த்தல் வேண்டும். பெட்போர்டு முதலிய பழைய பிரிட்டிஷ் லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடம்புரியானவை; அவற்றை வலமாகத் திருப்பினால்தான் கழலும். இதையறியாது ஒடித்தவர் அநேகர். பிரிட்டன், அமெரிக்கா, கானடா ஆகிய தேசங்கள் பொதுவான புரியளவை ஒப்புக்கொண்டது 1948-ல்தான். ஆதலால் பழைய வண்டிகளில் விட்வொர்த் அளவும் பிறவும் கலந்திருக்கும். பொருந்தாத ஸ்பானர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து மாலையில் ஊற்றி, இரவு முழுவதும் ஊறவிடுக. காலையில் தலைமேல் சுத்தியலால் இலேசாகத் தட்டி, சிறிது முன்னும் சிறிது பின்னுமாகத் திருப்புக. இணங்காவிடில், எண்ணெயை நன்கு துடைத்துவிட்டு நட்டை மாத்திரம் காய்ச்சுக. அது விரிந்து போல்ட்டைவிட்டு விலகும். டீசல் டாங்கி, பிரேக் குழாய், டயர் ஆகியவற்றினருகே நெருப்பு ஆகாது. நாகம் பூசிய போல்ட்டைக் காய்ச்சினால் எழும் புகை ஜுரம் உண்டாக்கும்.

இனி, ஒடிந்த பின் செய்யத்தக்கது. துண்டு சற்றே வெளியில் நின்றால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்வதே சிறந்த உபாயம். பிடியும் கிடைக்கும், சூடும் உள்ளே இறங்கும். பாட்டரி இணைப்பை முன்னரே கழற்றிவிடுக. துண்டு உள்ளடங்கியிருந்தால், நடுமையத்தில் பஞ்ச் அடித்து, 10 மில்லிமீட்டர் போல்ட்டாயின் முதலில் 3, பின்னர் 6 மில்லிமீட்டர் துளையிடுக. மையம் விலகினால் ஹெட்டின் புரியே அறுபடும். அவசரக்காரர் இந்த இடத்தில்தான் கெடுகின்றனர். இடம்புரி டிரில் கிடைப்பின் மிக நன்று. துளையிடும்போதே துண்டு சுழன்று வெளிவருவதுண்டு. துளையில் செருகித் திருப்பும் எக்ஸ்ட்ராக்டர் என்னும் கருவியோ கடினமான எஃகு. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. சிறு நோய் பெருநோயாகும். கைக்குத் துண்டு அசையவில்லையெனில், அதை நிறுத்திவிட்டு மீண்டும் காய்ச்சுவதே விவேகம்.

புதிய போல்ட் பழையதற்குச் சமமான பலமுள்ளதாய் இருத்தல் அவசியம். ஸ்டீரிங், வில் முதலிய இடங்களில் ஒடிந்ததை ஒட்டவைத்து மாட்டுதல் உயிருக்கு அபாயம். புகைக்குழாய் போல்ட்டுகளுக்குச் செம்புக் கிரீஸ் தடவுக. சக்கர நட்டுகளுக்கு அது வேண்டாம். அவற்றைக் குறித்த அளவில் முறுக்கி, ஐம்பது மைல் ஓடியபின் மறுபடியும் சோதிக்க.