வாங்குமுன் நடந்து பாருங்கள்

டொராண்டோவில் அடுக்குமாடி வீடு தேடும் பலர் 'வாக் ஸ்கோர்' எண்ணைப் பார்க்கிறார்கள். ஐந்து நிமிட நடையில் கடை, பள்ளி, பூங்கா இருந்தால் மதிப்பெண் கூடும், உச்சம் 100. நல்ல தொடக்கம்தான். ஆனால் பிப்ரவரிப் பனியில் நடைபாதை வழுக்குமா, இரவு ஒன்பதுக்கு ஆள் நடமாட்டம் உண்டா என்று அது சொல்லாது.

நடக்கும்போது எதைக் கவனிப்பது? நீளம் குறைந்த தெருக்கள், பழையதும் புதியதுமான கட்டடங்கள், வீடும் கடையும் கலந்த வீதி: ஒரு பகுதிக்கு உயிர் தருபவை இவை என்று 1961-லேயே எழுதினார் நகர வாழ்க்கை பற்றிய எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ். 1968-இல் டொராண்டோவில் குடியேறிய அவர், ஸ்பாடைனா விரைவுச்சாலையை எதிர்த்துப் போராடினார். 1971-இல் அந்தத் திட்டம் நின்றது. அதன் பாதையில் இருந்த அனெக்ஸ் பகுதி பிழைத்தது!

அவர் நினைவாக 2007 முதல் மே மாதத்தில் 'ஜேன்ஸ் வாக்' நடக்கிறது. உள்ளூர்வாசிகளே தங்கள் தெருக்களை இலவசமாகச் சுற்றிக் காட்டுவார்கள்.

அதுவரை பொறுக்க முடியாதவர்கள், வேலைநாள் காலையிலும் சனிக்கிழமை இரவிலும் தாங்களே நடந்து, மூலைக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கலாம்.