அம்மை என்று நினைத்து ஐந்து நாள்

(ஜமுனாமரத்தூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

வாசலில் நிற்கிற பிள்ளைகளே, உள்ளே வந்து உட்காருங்கள். ரொம்ப நேரம் பேச மாட்டேன்.

முப்பது வருஷம் செவிலியராக இருந்தேன். அதில் ஆறு வருஷம் தோல் வார்டில். அங்கே பார்த்த ஒரு பெண் பிள்ளையை இன்னும் மறக்க முடியவில்லை. பதினான்கு வயது, மலைக் கிராமம். வலிப்புக்கு கார்பமசெபின் மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம் காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவப்பு. இரண்டு நாள் கழித்து மார்பிலும் முகத்திலும் சிவந்த தடிப்பு. அம்மை என்று நினைத்து வேப்பிலை விரித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் கீழே இறக்கிக் கொண்டு வந்தபோது உதடெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை. முதுகுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். தோல் என் கையோடு வந்தது.

"டாக்டர் கொடுத்த மாத்திரைதானே அம்மா?" என்று அந்தத் தாய் கேட்டார். ஆமாம், டாக்டர் கொடுத்ததுதான். மருந்து சரியானது, அளவும் சரியானது. சிலர் உடம்பு அதை ஏற்பதில்லை. பிள்ளை பிழைத்தாள். ஆனால் கண்ணில் தழும்பு விழுந்து பார்வை மங்கிவிட்டது.

இதற்கு ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்று பெயர். உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்தால் டென் என்பார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்துபோகிறார். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சிலருக்கே வரும் நோய் இது. பயந்து எல்லா மாத்திரையையும் தூக்கி எறிய வேண்டாம். வலிப்பு மாத்திரையைக் காரணமில்லாமல் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான்.

அதிகம் பெயர் அடிபடுகிற மருந்துகள் சில உண்டு. வலிப்புக்கான கார்பமசெபின், பெனிட்டாயின், லாமோட்ரிஜின். யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால். சல்பா மாத்திரைகள். சில வலி மாத்திரைகள். பெரும்பாலும் புது மருந்து தொடங்கிய முதல் நான்கு வாரத்துக்குள் வரும்.

பெண்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மாதவிடாய் வலிக்கு நம் வீடுகளில் கேட்காமலே எடுத்துப் போடுகிற மெஃப்டால் இருக்கிறதே, அதிலுள்ள மெஃபெனாமிக் அமிலம் குறித்து இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரிக்கை விட்டது. மருந்துக்குத் தடை இல்லை. டிரெஸ் என்ற ஒவ்வாமை வரலாம், கவனியுங்கள் என்றார்கள். இது இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக்கூட வரும். காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம், நெறி கட்டுதல், பிறகு ஈரல் பாதிப்பு. எப்போதோ போட்ட மாத்திரை என்பதால் யாருக்கும் அது நினைவுக்கே வராது.

படித்தவர்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. 1998இல் அமெரிக்காவிலிருந்து கொல்கத்தா வந்திருந்த அனுராதா சாஹா டென் நோயால் மே 28 அன்று இறந்தார். கணவரே மருத்துவர். சிகிச்சையில் தவறு என்று அவர் வழக்காடினார். 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பதினைந்து வருஷம் அலைந்திருக்கிறார் மனிதர்.

சரி, நாம் என்ன செய்வது? புது மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோடு தடிப்பு வந்தால், வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண் வந்தால், தோலைத் தொட்டாலே வலித்தால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். மலைப்பாதையில் போகிற நேரத்தையும் கணக்கில் வையுங்கள். மேலே பச்சிலை, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். தீக்காயம் பட்டவரைப் பார்ப்பது போலத்தான் அவரைப் பார்க்க வேண்டும். இது ஒட்டுவதும் இல்லை, கூட இருக்கப் பயப்பட வேண்டாம்.

மருந்துக் கடையில் மாத்திரையை உதிரியாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயர் உள்ள அட்டையோடு கேளுங்கள். எந்த மாத்திரை என்று தெரியாமல் வார்டில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அண்ணிக்குக் கேட்டது என்று தங்கைக்குக் கொடுப்பதையும் விடுங்கள். ஒரு மாத்திரை போட்டால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கருந்தழும்பு வருகிறதா? அதுவும் ஒவ்வாமைதான், டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒருமுறை இப்படி வந்தவர் அந்த மருந்தை ஆயுளுக்கும் தொடக்கூடாது. சில மருந்துகளில் இது பரம்பரையாகவும் வரும். அதனால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் டாக்டரிடம் சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வாமை நடந்ததைப் பொதுமக்களே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குச் சொல்லலாம்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் சின்ன அட்டைகள் வைத்திருக்கிறோம். ஒவ்வாத மருந்தின் பெயரை எழுதி ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். அஸர் வரை இங்கேதான் இருப்பேன்.